இருக்கை உண்டு, வாக்கு இல்லை



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயிலில் எண்ணூரைக் கடந்து உப்பங்கழியைத் தாண்டினால் அத்திப்பட்டுப் புதுநகரும், அதையடுத்து அத்திப்பட்டும் வரும். அதுவே என் ஊர். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், தொலைவில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் தெரியும். மறுபக்கம் பழைய உப்பளங்கள் வெயிலில் வெண்மையாக மின்னும். பழமையும் புதுமையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாழும் இடம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு தொழில் திட்டத்தைக் குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெற்றது. பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "எங்க பாத்திக்குக் கடல்தண்ணி வர்ற வாய்க்காலுக்குக் குறுக்கே ரோடு போடுறீங்களே, தண்ணி எந்த வழியா வரும்?" என்று கேட்டு அமர்ந்தார். அவர் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது. கூட்டம் முடிந்தது. வாக்கெடுப்பு எதுவும் இல்லை. அத்தகைய கூட்டத்தில் வாக்கெடுப்புக்குச் சட்டத்தில் இடமும் இல்லை.

வீடு திரும்புகையில் உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "ஐயா, பேசவிட்டார்கள், ஆனால் முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை. அப்படியானால் பேசி என்ன பயன்?" என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. அந்தக் கேள்வி எங்கள் ஊரோடு நிற்பதன்று. உலகத்தின் பெரிய சட்டமன்றங்களிலேயே இருக்கை பெற்று, பேசும் உரிமையும் பெற்று, வாக்களிக்கும் உரிமை மட்டும் பெறாத பிரதிநிதிகள் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றைப் பார்த்தால் அந்த மாணவருக்கு நேர்மையான விடை கிடைக்கும் என்று எண்ணினேன். அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வாயினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. தேர்தலில் நாம் அளிப்பதும் வாக்கு. மொழி ஒன்றாக வைத்த இவ்விரண்டையும் சட்டம் சில வேளைகளில் பிரித்துவிடுகிறது. ஒரு நிலப்பகுதி நாட்டின் மன்றத்தில் முழுமையாகப் பங்கு கொள்வதென்றால் மூன்று உரிமைகள் வேண்டும். முதலாவது, அப்பகுதி மக்கள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுத்தல். இரண்டாவது, அவர் மன்றத்தில் தடையின்றிப் பேசுதல். மூன்றாவது, முடிவெடுக்கும்போது அவருடைய வாக்கும் எண்ணப்படுதல். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிரதிநிதித்துவம் குறைபட்டதே. எது குறைந்தது என்பதைப் பொறுத்து அதன் இயல்பும் பயனும் மாறும்.

முதலில் நம் நாட்டின் பழைய கதையைப் பார்ப்போம். 1892-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தை இயற்றியது. அதன்படி வைசிராயின் சட்டசபையில் அமர்ந்த இந்திய அங்கத்தினர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் அதன்மீது வாக்களிக்க இயலாது. முன்னறிவிப்புத் தந்து கேள்வி கேட்கலாம். விடை போதாதென்று துணைக் கேள்வி கேட்கலாகாது. கேட்பவனுக்கே சலிப்புத் தரும் ஏற்பாடு அது.

அந்தச் சபையில் 1902-ஆம் ஆண்டு கோபால கிருஷ்ண கோகலே வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். பஞ்சத்தால் மக்கள் வாடிய காலத்தில் அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் ஆண்டுதோறும் உபரி காட்டப்படுவது எவ்வாறு பொருந்தும் என்று அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர் வினவினார். ஏழையின் கஞ்சியிலும் வரி விதிக்கும் உப்பு வரியைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். அப்போது ஏறத்தாழ 37 கிலோ எடையுள்ள ஒரு மணங்கு உப்புக்கு இரண்டரை ரூபாய் வரி. கோகலேயிடம் வாக்கு இல்லை. அவர் பேசி அமர்ந்தபின் வரவு செலவுத் திட்டம் இருந்தபடியே நிறைவேறியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவருடைய உரை நாடெங்கும் அச்சாகிப் படிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அவர் மீண்டும் எழுந்து பேசினார். 1903-ஆம் ஆண்டு உப்பு வரி மணங்குக்கு இரண்டு ரூபாயாகக் குறைந்தது. 1905-இல் ஒன்றரை ரூபாயாயிற்று. 1907-இல் ஒரு ரூபாயாயிற்று. இவை யாவும் ஒரு மனிதரின் பேச்சினால் மட்டும் நிகழ்ந்தன என்று சொல்வது மிகை. கருவூலத்தில் உபரி இருந்ததும் காரணமே. எனினும் அந்த உபரியை நாட்டார் கண்முன் எடுத்து வைத்தது அந்த வாக்கற்ற வாயே. உப்பு விளையும் ஊரில் பிறந்தவனாகையால் இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 1907-இல் ஒரு ரூபாயாகக் குறைந்த அதே வரியை அரசாங்கம் பின்னர் உயர்த்தவும் முடிந்தது. உப்புக்காக 1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. பேச்சினால் பெற்ற சலுகை, வாக்கின் காவல் இல்லாவிடில் நிலைப்பதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு கடல் கடந்து செல்வோம்.

வாக்கற்ற பிரதிநிதியை ஒரு முறையான பதவியாகவே அமைத்து இன்றுவரை போற்றி வருவது அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டுப் பாராளுமன்றத்திற்குக் காங்கிரஸ் என்று பெயர். அதற்குச் செனட், பிரதிநிதிகள் சபை என இரு அவைகள் உண்டு. விடுதலை பெற்ற புதிதில் அந்நாட்டின் மேற்கே பரந்த நிலம் கிடந்தது, குடியேறியவர்கள் சிலரே. அவர்களை உடனே தனி மாநிலமாக்கவும் இயலாது. குரலற்றவர்களாக விட்டுவிடவும் மனமில்லை. ஆகவே 1787-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, வயதுவந்த சுதந்திர ஆடவர் 5,000 பேர் சேர்ந்தால் அந்நிலப்பகுதிக்கு ஒரு சட்டசபை உண்டு. அச்சபை காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் விவாதிக்கலாம், வாக்களிக்கலாகாது. சுதந்திரக் குடிகள் 60,000 பேர் ஆனதும் அப்பகுதி மாநிலமாகி, ஏனைய மாநிலங்களோடு சமநிலை பெறலாம்.

நம் வீட்டுத் திண்ணையை எண்ணிப் பாருங்கள். வந்தவரைத் தெருவில் நிறுத்தாமல் திண்ணையில் அமரச் சொல்கிறோம். சிறிது நேரத்தில் உள்ளே அழைக்கிறோம். 1787-இன் சட்டம் அமைத்தது அத்தகைய திண்ணையே. உள்ளே செல்வதற்குரிய கணக்கும் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்தத் திண்ணையில் முதலில் அமர்ந்தவர் ஜேம்ஸ் ஒயிட் என்பவர். ஓகையோ ஆற்றுக்குத் தென்பகுதியிலிருந்து 1794-இல் அவர் வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1796-இல், அப்பகுதி டென்னசி என்னும் மாநிலமாயிற்று. அடுத்து, வடமேற்கு நிலப்பகுதியின் பிரதிநிதியாக 1799-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 11 வாக்குக்கு 10 வாக்கு என்ற கணக்கில் வெற்றி. அக்காலத்தில் அரசாங்க நிலம் வாங்க வேண்டுமாயின் குறைந்தது 640 ஏக்கர் வாங்கியாக வேண்டும். சிறு உழவனால் அது இயலுமா? ஹாரிசன் அச்சபையில் வாதாடி, 1800-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். 320 ஏக்கராக வாங்கலாம்; விலையை நான்கு ஆண்டுத் தவணையில் செலுத்தலாம் என்று அச்சட்டம் வழிசெய்தது. தாம் வாக்களிக்க முடியாத ஒரு சட்டத்திற்குத் தம் பெயரையே அவர் தந்துவிட்டுச் சென்றார். பின்னாளில் அந்நாட்டின் 9-ஆவது குடியரசுத் தலைவரானவரும் அவரே.

இதனினும் சுவையானது பிலிப்பைன் தீவுகளின் கதை. ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த அத்தீவுகள் 1907 முதல் வாக்குரிமையில்லாப் பிரதிநிதிகளை வாஷிங்டனுக்கு அனுப்பின. மனுவேல் கெசோன் என்பவர் 1909 முதல் 1916 வரை அப்பதவியில் இருந்தார். அவர் ஓயாமல் கேட்டது ஒன்றே: எங்கள் நாட்டுக்கு விடுதலை என்று. நிலையான அரசாங்கம் அமைந்ததும் பிலிப்பைனுக்கு விடுதலை அளிப்பதே நோக்கம் என்று முகவுரையில் கூறும் சட்டத்தை 1916-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதற்கு உழைத்தவர்களுள் கெசோன் முதன்மையானவர். 1946-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று அத்தீவுகள் விடுதலை பெற்றன. திண்ணையில் அமர்ந்தவர் வீட்டுக்குள் செல்ல விரும்பாமல், தம் சொந்த வீட்டின் சாவியைக் கேட்டு வாங்கிச் சென்ற கதை இது.

இக்கதைகளைக் கேட்டு, வாக்கில்லாமலே எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய நிலையைப் பாருங்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இப்போது வாக்குரிமையில்லாதவர் அறுவர். தலைநகரமாகிய வாஷிங்டன் மாவட்டம், போர்ட்டோ ரீகோ, குவாம், கன்னித் தீவுகள், அமெரிக்க சமோவா, வட மரியானாத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து ஒருவர் வீதம் வருகின்றனர். அவர்கள் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். ஆனால் சபை இறுதி முடிவு எடுக்கும் வேளையில் அவர்கள் கை கட்டப்பட்டிருக்கும். செனட்டில் அவர்களுக்கு இருக்கையே இல்லை.

போர்ட்டோ ரீகோவின் பிரதிநிதி 1901 முதல் அங்கே அமர்ந்து வருகிறார். அத்தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தீவு அது. தலைநகர் வாஷிங்டனில் வாழ்பவர் தொகை, வயோமிங் என்னும் மாநிலத்தின் மக்கள்தொகையைவிட அதிகம். வயோமிங்குக்குச் செனட்டில் இருவர், பிரதிநிதிகள் சபையில் வாக்குள்ள ஒருவர். வாஷிங்டனுக்கோ வாக்கில்லாத ஒருவர் மட்டுமே. அந்நகரத்தார் தம் மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே, பிரதிநிதித்துவம் இன்றி வரி செலுத்துகிறோம் என்னும் முறையீட்டை 2000-ஆம் ஆண்டு முதல் பொறித்து ஓட்டி வருகிறார்கள். இங்கே திண்ணையே வீடாகிவிட்டது. உள்ளே செல்வதற்குரிய கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு விதியை மட்டும் சொல்லி இதை முடிக்கிறேன். 1993-இல் பிரதிநிதிகள் சபை ஒரு தாராளம் காட்டியது. சபை முழுதும் ஒரு குழுவாக அமர்ந்து திருத்தங்களை ஆராயும்போது இப்பிரதிநிதிகளும் வாக்களிக்கலாம் என்றது. ஆனால் அவர்களுடைய வாக்கினால் முடிவு மாறுமாயின், அவர்களை விலக்கிவிட்டு உடனே மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும் என்றும் சேர்த்தது. அதாவது, பயன்படாதபோது செல்லும், பயன்படும்போது செல்லாது! 1995-இல் இந்தச் சலுகையும் நீக்கப்பட்டது. 2007-இல் மீண்டும் வந்தது. 2011-இல் மறுபடியும் நீங்கியது. பெரும்பான்மை எந்தக் கட்சியின் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நிலப்பகுதியின் உரிமை வருவதும் போவதுமாக இருப்பது நலமன்று என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நம் குடியரசு இதில் எவ்வழி சென்றது? நம் அரசியலமைப்பிலும் வாக்கின்றிப் பேசும் உரிமை உண்டு. அட்டர்னி ஜெனரல் இரு அவைகளிலும் பேசலாம். வாக்களிக்க முடியாது என்று 88-ஆவது பிரிவு கூறுகிறது. நகராட்சி மன்றங்களிலும் நிர்வாக அறிவுடையோரை நியமிக்கலாம். அவர்களுக்கு வாக்கில்லை என்று 243-ஆர் பிரிவு விதிக்கிறது. இவர்கள் அறிவுரை கூற வந்தவர்கள். எந்த ஊருக்கும் பிரதிநிதிகள் அல்லர். ஆதலால் வாக்கு இல்லாமை இங்கே குறையாகாது.

நிலப்பகுதிகளைப் பொறுத்தவரை நம் நாடு வேறு வகையான குறையோடு தொடங்கியது. அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும், இலட்சத்தீவுக்கும் தொடக்கத்தில் மக்களவை அங்கத்தினரைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். அவருக்குப் பேச்சும் வாக்கும் இருந்தன. மக்களின் தேர்வு இல்லை. 1967-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான் அத்தீவினர் தம் அங்கத்தினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். இன்றும் மாநிலங்களவையில் அத்தீவுகளுக்கும், சண்டிகருக்கும், லடாக்குக்கும் இருக்கை இல்லை என்பதையும் மறைக்கலாகாது.

அமெரிக்கத் திண்ணைக்கு மிகவும் நெருங்கி வந்தது சிக்கிமே. அது மன்னராட்சியில் இருந்த தனி நிலம். 1974-இல் இயற்றப்பட்ட 35-ஆவது திருத்தம், 1975 மார்ச் 1 முதல் சிக்கிமை இந்தியாவின் இணை மாநிலமாக்கியது. நம் இரு அவைகளிலும் அதற்கு ஒவ்வோர் இருக்கை அளிக்கப்பட்டது. அப்பிரதிநிதிகள் மற்றெல்லா வகையிலும் அங்கத்தினர்களே. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல்களில் மட்டும் அவர்களுக்கு வாக்கில்லை. முழுமையாகச் சேராத நிலத்துக்கு முழுமையில்லாத உரிமை என்பது அன்றைய தர்க்கம். ஆனால் ஏப்ரல் மாதத்தில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. 36-ஆவது திருத்தம் ஏப்ரல் 26 முதல் சிக்கிமை முழு மாநிலமாக்கியது. இரண்டு மாதம்கூடத் திண்ணையில் அமரவில்லை.

வாக்கு ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் நிறைந்துவிடும் என்று கருதுவோருக்குப் புதுச்சேரியின் வரலாறு ஒரு பாடம். பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த அதற்கு, பாரிஸ் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை 1848-இலேயே கிடைத்தது. இடையில் பறிக்கப்பட்டு 1871-இல் மீண்டும் வந்தது. அப்பிரதிநிதிக்கு முழு வாக்குரிமை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் கனவிலும் காணாத உரிமை! ஆயினும் நீண்ட காலம் அந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களே. பியேர் அலிப் என்பவர் 1881 முதல் 1898 வரை அப்பதவி வகித்தார். உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் யாரைக் காட்டினார்களோ அவரே வென்றார் என்பது அக்காலத் தேர்தல்களைப் பற்றிய பொதுவான குற்றச்சாட்டு. 1946-இல் லாம்பர் சரவணன் பிரதிநிதியானார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தபோதுதான் அம்மக்களின் உண்மையான விருப்பம் வெளிப்பட்டது. பாரிஸில் இருந்த வாக்கு சொல்லாததைக் கீழூர் சொல்லிற்று.

இப்போது அந்த மாணவருக்குரிய விடைக்கு வருகிறேன். வாக்கில்லாத பேச்சுக்கும் பயன் உண்டு. அது பதிவாகிறது, எதிராளியை விடை கூறக் கடமைப்படுத்துகிறது, தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கிறது. கோகலேயும், ஹாரிசனும், கெசோனும் அதற்குச் சான்று. ஆனால் அப்பயன் கேட்பவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. பெற்ற நன்மையைக் காத்துக்கொள்ளும் வலிமை அதற்கில்லை. ஆகவே எங்கேனும் வாக்கில்லாத இருக்கையைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து உள்ளே செல்ல வழி குறிக்கப்பட்டிருக்கிறதா? குறிக்கப்பட்டிருந்தால் அது படிக்கட்டு. இல்லையேல் அது ஆறுதல் பரிசு.

எங்கள் ஊர்க் கூட்டத்தின் பிற்கதையைச் சொல்லவில்லையே! கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிய 2006-ஆம் ஆண்டின் அரசாங்க அறிவிக்கை, மக்கள் எழுப்பிய ஒவ்வொரு கேள்வியையும் பதிவு செய்ய வேண்டும், திட்டக்காரர் அவற்றுக்கு இறுதி அறிக்கையில் விடை தர வேண்டும் என்கிறது. சில மாதங்களுக்குப் பின் அந்த அறிக்கையின் அட்டவணையை நான் பார்த்தேன். அந்த அம்மையாரின் கேள்வி ஒரு வரியில் இருந்தது. எதிரே, வாய்க்கால் நீர் தடையின்றிச் செல்லக் குழாய்ப் பாலம் அமைக்கப்படும் என்ற விடையும் இருந்தது. அந்த மாணவரை அழைத்து அதைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "கட்டாவிட்டால், ஐயா?" என்றார்.

நல்ல கேள்வி. ஆகஸ்டு 15 அன்று எங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடியது. அங்கே வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அங்கத்தினர். பேச்சும் உண்டு, தீர்மானத்துக்கு வாக்கும் உண்டு. அம்மையார் தம் பாத்தி வேலையை முடித்துவிட்டுச் சற்றுத் தாமதமாக வந்தார். மாணவர் அந்த அட்டவணையின் நகலோடு அவருக்கு இடம் போட்டுக் காத்திருந்தார்.